டிரில் மாஸ்டர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி

சாலவாக்கம் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஆண்டுதோறும் நூற்றுக்கு நூறு. தலைமையாசிரியர் ராஜாராம் இதைச் சாதித்த முறை எளிமையானது: தேறமாட்டார்கள் என்று தோன்றியவர்களைத் தேர்வுக்கே அனுப்பமாட்டார்.

1980இல் கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போனார். புதியவர் வரும்வரை என்று வகுப்பை டிரில் மாஸ்டர் தானியேலிடம் ஒப்படைத்தார்கள். புதியவர் வரவில்லை. தானியேல் கணக்கில் மூன்றாவது தடவை முப்பத்தைந்து வாங்கித் தேறியவர். அதை அவர் மறைத்ததுமில்லை. “நானே பாஸ் பண்ணிட்டேன், உங்களுக்கு இன்னா கேடு?” என்பதே அவருடைய போதனா முறை.

டிசம்பரில் ராஜாராம் பட்டியலில் சிட்டம்மாள் பெயரை அடித்தார். அரையாண்டுக் கணக்குத் தேர்வில் அவள் எடுத்தது பதினொன்று. பெயர் போனால் பள்ளிக்கூடமும் போச்சு, இனி நடவு வேலைதான் என்று அவள் அம்மா பவளம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

“இவ பாஸ் பண்ணுவா சார்,” என்றார் தானியேல்.

“என்னய்யா ஆதாரம்?”

“ஒரு கழனிக்கு எத்தினி முடி நாத்து வேணும்னு வரப்புல நின்னுக்கினே சொல்லிடறா சார்.”

“அப்படியா? எழுத்துல குடும்.”

தானியேல் எழுதினார்: ‘சிட்டம்மாள் தேறாவிட்டால் அக்டோபரில் அவளோடு நானும் உட்கார்ந்து கணக்குத் தேர்வு எழுதுவேன்.’ ராஜாராம் பெயரைச் சேர்த்தார். கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் வைத்தார்.

வகுப்பு கதிகலங்கிப் போயிற்று. சாரின் கணக்கு அவர்களுக்குத் தெரியாததா?

“சார் எழுதினா கோட் அடிப்பாருடி. ஊரே சிரிக்கும்,” என்றாள் தேவகி.

“தெரியும். அதான் படிச்சிக்கினு கீறேன்,” என்றாள் சிட்டம்மாள்.

கரும்பலகையில் சார் தப்புப் போடும்போதெல்லாம் அவள் எழுந்து திருத்தினாள். தானியேல் ஊக்கத்தோடு மேலும் மேலும் தப்புப் போட்டார். அவற்றில் வேண்டுமென்றே போட்டவை எத்தனை என்பது அவருக்கே விளங்காத கணக்கு.

பிப்ரவரியில் வருகைப் பதிவேட்டுக்குள் அவள் ஒரு தாளைக் கண்டாள். போன வருடத்துத் தனித்தேர்வர் விண்ணப்பப் படிவம்; வருடத்தை மட்டும் அடித்து ‘அக்டோபர் 1981’ என்று திருத்தியிருந்தது. தானியேலின் பெயர் பூர்த்தியாகியிருந்தது.

“இன்னா சார் இது? நான் ஃபெயிலுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?”

டிரில் மாஸ்டர் அட்டென்ஷனில் நின்றார்.

“உன் மேல சந்தேகம் இல்லம்மா. சொல்லிக்குடுத்தது நானாச்சே, அதான் பயம்.”

“அப்ப கிழிச்சிப் போடுங்க சார்.”

கிழித்தார்.

ஜூனில் சிட்டம்மாளுக்கு முப்பத்தெட்டு. தன் முறையின் வெற்றி என்று ராஜாராம் காலை வணக்கக் கூட்டத்தில் அறிவித்தார்.

அதன்பின் அடிபட்ட ஒவ்வொரு பெயருக்கும் தானியேல் அதே கடிதத்தை எழுதினார். 1986இல் முனிரத்தினம் என்ற பையன் மூன்று மதிப்பெண்ணில் தவறினான். அக்டோபரில் தானியேல் சொன்னபடி அவனுக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்.

முனிரத்தினம் நாற்பத்தொன்று. தானியேல் முப்பத்தைந்து.