சித்தப்பா கரைத்த மருந்து

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தோட்டங்களுக்கெல்லாம் மருந்தடிக்கிறவர் அவர்தான். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு வந்தால், டாக்டரே வந்துவிட்ட மாதிரி எல்லோரும் வழிவிடுவார்கள். நானும் விட்டேன்.

நான் நான்காவது படித்த வருடம் எங்கள் கொய்யாத் தோட்டத்தில் வாடல் நோய் விழுந்தது. மண்ணிலிருக்கும் பூஞ்சாணம் வேரைப் பிடித்து, காயும் இலையுமாக மரத்தை நின்ற நிலையில் காய வைத்துவிடும். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மரவள்ளி நடலாம் என்றார் அப்பா. அந்த யோசனையை அவர் காதில் போட்டதே சித்தப்பாதான். கன்றாக இருந்தபோது குடம் குடமாகச் சுமந்து ஊற்றி அந்த மரங்களை ஆளாக்கியவள் அம்மா. அவள் கெஞ்சிக் கூத்தாடித் தவணை வாங்கினாள்.

"தை வரைக்கும் பாக்கறேன். அப்பறம் ஒரு பேச்சு பேசக்கூடாது" என்றார் அப்பா.

அம்மா விவசாயப் பயிற்சி ஒன்றுக்குப் போய் டிரைக்கோடெர்மா பொட்டலம் ஒன்று கொண்டுவந்தாள். கெட்ட பூஞ்சாணத்தை அடக்குகிற நல்ல பூஞ்சாணம். அதை மக்கிய சாணி எருவில் கலந்து, புளியமரத்து நிழலில் குவித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடினாள். பத்து நாள் கழித்துச் சாக்கைத் தூக்கினால் குவியல் முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

"உசுரு வந்துடுச்சு பாப்பா" என்று சிரித்தாள். பக்கத்தில் நின்ற சித்தப்பாவிடமும் சொன்னாள்: "தம்பி, உங்க மருந்து எதுவும் இதும்மேல படக்கூடாதுங்க. செத்துப்போயிடும்."

அவர் நன்றாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை.

அந்த வாரமே ஒரு சாவுக்காக அம்மா தாய்வீட்டுக்குப் போனாள். குவியலுக்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு எனக்கு. சித்தப்பா ஒரு வாளியோடு வந்தார். அதில் நீலமும் பச்சையுமாகக் கரைத்த தாமிர மருந்து. நல்லது கெட்டது பார்க்காமல் எந்தப் பூஞ்சாணத்தையும் கொல்வது அது.

"அம்மா வேணாம்னு சொல்லுச்சே சித்தப்பா?"

"உங்கம்மா ரெண்டு நாள் படிச்சா. நான் எத்தன வருசமா அடிக்கறேன்? ரெண்டு மருந்து சேந்தா ரெண்டு பங்கு வேகம். இந்தா, நீயே ஊத்து."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மருந்தென்றால் கண்ணைப் பறிக்கிற நிறம் வேண்டாமா? அம்மாவுடையதில் வெறும் மண்வாசம்தான் வந்தது. அவள் மரங்களை நானே பிழைக்க வைக்கப்போகிறேன் என்ற பெருமையில் சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினேன். மாமா எடுத்துத் தந்த மஞ்சள் பாவாடையெல்லாம் தெறித்தது.

திரும்பி வந்த அம்மா சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். பச்சை போயிருந்தது. பிறகு அந்த எருவையே மரத்துக்கு மரம் கொத்திப் போட்டாள். தை பிறப்பதற்குள் இன்னும் இரண்டு வரிசை காய்ந்தது.

"சாணியில மருந்து செஞ்சா இப்பிடித்தான்ணா" என்று சித்தப்பா சிரித்தார். கூசாமல் சிரித்தார். அப்பா பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு, யார் என்ன செய்து கெடுத்தது என்று கேட்டார்.

"நாந்தாங்க பக்குவம் தவறிட்டேன்" என்றாள் அம்மா.

அவள் முதுகில் இரண்டு அடி விழுந்தது. மறுநாள் ஆள் வந்து, நன்றாக இருந்த மரங்களையும் சேர்த்து வெட்டிச் சாய்த்தார்கள். மரவள்ளி நட்டார்கள். சித்தப்பா தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. தெரியாதவர் சொம்பை ஒன்பது வயதுப் பிள்ளை கையில் கொடுப்பாரா? அம்மா வாயைத் திறந்திருந்தால் "பாப்பாதான் ஊத்துச்சு" என்று அவர் கையைக் காட்டியிருப்பார். பெல்ட் என் பக்கம் திரும்பியிருக்கும்.

இதெல்லாம் அன்று எனக்கு எங்கே புரிந்தது? அம்மா ஊரிலிருந்து வந்த அன்று சாயங்காலம், அப்பா வருவதற்குள் என் பாவாடையைக் கல்லில் அடித்து அடித்துத் துவைத்தாள். நீலக்கறை போகவில்லை. அடுப்பில் திணித்து எரித்துவிட்டாள்.

என் மஞ்சள் பாவாடையை எரித்தவளோடு நான் ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரமும் சித்தப்பா மடியில் உட்கார்ந்துதான் சோறு தின்றேன்.