இரண்டு ஏகாதசியும் ஒரு ஜன்னல் நாற்காலியும்

எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசில் உருப்படியான ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். மற்றவையெல்லாம் பக்கத்துக் கட்டடத்து ஏசி பெட்டிகளின் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவை. என் நாற்காலி அந்த ஒற்றை ஜன்னலை ஒட்டி இருந்தது. தில்லைநகர் மாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், காயும் போர்வைகள் எல்லாவற்றையும் தாண்டினால் மலைக்கோட்டை. காலையில் அது படுத்துக் கிடக்கும் யானை. மதியம் வெயிலில் வெந்த பலாக்கொட்டை. மழை நாளில் யாரோ துடைக்க மறந்த கரும்பலகை. கம்ப்யூட்டருக்கு எழுதிக் கை அலுத்தால் அந்தப் பாறைக்கு எழுதுவேன். அப்படி எழுதியவை சிறுபத்திரிகைகளில் வரும். ஆசிரியரும் என் மனைவியும் படிப்பார்கள். மனைவி விஷயம் சந்தேகம்தான்.

அந்த நாற்காலிக்கு ஒரு திங்கட்கிழமை ஆபத்து வந்தது.

சென்னையிலிருந்து புதிதாக வந்த டீம் லீடர் எங்களை ஒன்றுகூட்டினார். என்னைவிடப் பல வயது இளைய பெண். பேச்சில் தேன், கண்ணில் ஊசி. முதலாளி பக்கத்தில் நின்று, கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இனிமே டெஸ்ட் முதல்ல, கோடு அப்புறம். வெளிநாட்டு க்ளையன்ட்டெல்லாம் அதைத்தான் கேக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள பழகிக்கங்க. பழகாதவங்க சப்போர்ட்டுக்குப் போயிடலாம், தப்பில்ல."

சப்போர்ட் என்பது ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. நாளெல்லாம் போனை எடுத்து, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். அந்த அறைக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அவர்களது குரல் மட்டும் சில நேரம் சுவர் வழியாக வரும்.

டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட் என்று அதற்கு நீளமான பெயர். கோடு, அதாவது புரோகிராம், எழுதுவதற்கு முன்பே, அது எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் சரி என்று ஒரு சோதனையை எழுதி வைக்க வேண்டும். புரோகிராமே இன்னும் இல்லையே, சோதனை தோற்கும், திரையில் சிவப்பு. பிறகு புரோகிராமை எழுதி அதைப் பச்சையாக்க வேண்டும். அடுத்த சோதனை, மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர்கூட ஒரு நாளில் இத்தனை சிவப்பு பார்க்க மாட்டார். பெண் பார்க்கப் போகும் முன்பே விவாகரத்து நோட்டீசை டைப் அடித்து வைப்பது மாதிரி இருந்தது எனக்கு.

தவிர, இந்தத் தொழிலில் எனக்கு நரை கண்டுவிட்டது. எத்தனையோ மோகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் "நான் இல்லாமல் உனக்குப் பிழைப்பு இல்லை" என்று தவில் அடித்துக்கொண்டேதான் ஊருக்குள் நுழைந்தது. திருவிழாக் கடை மாதிரி வந்து, வளையலும் ஊதலும் விற்று, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனது. இதுவும் போகும் என்று நாங்கள் எல்லோரும் ஒரு குறுக்கு வழி பிடித்தோம். வழக்கம்போல முதலில் கோடு, பிறகு அது தரும் பதிலையே எடுத்து வைத்து டெஸ்ட். ஒப்படைக்கும்போது மட்டும் டெஸ்ட் முன்னால் நிற்கும். சாப்பிட்டுக் கையலம்பிய பிறகு இலை போடும் பந்தி அது.

டீம் லீடர் என் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணா, சூப்பர். எல்லாம் பச்சை."

"ஆமாம்மா."

"ஒரு தடவைகூடச் சிவப்பே வரலை போலிருக்கே?"

"அனுபவம்மா."

"பொறந்த உடனே நடந்த குழந்தை மாதிரி இருக்குண்ணா. ஒண்ணு தெய்வக் குழந்தை, இல்லன்னா வயசை மறைச்சிருக்கு."

பிறகு குரலைத் தணித்தார். "ஸ்ரீரங்கம் சாப்பாட்டு ஆப் உங்ககிட்டதான். அதுல ஏகாதசிப் பகுதி மட்டும் ஒழுங்கா டெஸ்ட் முதல்ல எழுதிக் காட்டுங்க. மாசக் கடைசியில சார் முன்னாடி ஓட்டிப் பார்ப்போம். அதை வச்சுதான் நான் சொல்லணும், டீமா சப்போர்ட்டான்னு."

வீட்டில் சொன்னேன். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மடியில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள்.

"ஏங்க, இதுல என்ன இருக்கு? நாங்க கொஸ்டின் பேப்பர் போடும்போதே விடைக்குறிப்பும் எழுதித்தானே குடுக்குறோம்?"

"அது பரீட்சை. இது படைப்பு."

"படைப்பா? போன மாசம் உங்க படைப்புல கேஸ் பில் ரெண்டு தடவை போச்சுன்னு ஒருத்தர் வீட்டுக்கே போன் பண்ணலை?"

"அது வேற."

"விடை தெரியாம எழுதுற பசங்களுக்கு நான் முட்டை போடுவேன். உங்களுக்குச் சம்பளம் போடுறாங்க. குடுத்து வச்சவங்க."

அந்த ஆப் இப்படி: ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதிப் பக்கம் இரண்டு மாமிகள் சேர்ந்து சமையல் நடத்துகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்கு டப்பாச் சாப்பாடு போகும். பிள்ளைகள் அங்கிருந்தே ஆப்பில் சொல்லிவிடலாம். ஏகாதசி அன்று விரதம். சாதம் கூடாது, பலகாரம் போக வேண்டும். மறுநாள் துவாதசி, விடிந்ததும் சீக்கிரமே அகத்திக்கீரையோடு சாப்பாடு போக வேண்டும்.

நான் கத்தோலிக்கன். எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் பங்குச் சாமியார் சொன்ன நாள்தான். வெள்ளிக்கிழமை கறி இல்லை என்றால் பாலக்கரைக்கும் இல்லை, மேலப்புதூருக்கும் இல்லை. ஏகாதசியும் அப்படித்தான் என்று நினைத்து, டெஸ்ட்டையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் மெஷினிடம் கேட்டேன். இப்போதுதான் நாம் சொன்னால் தானே கோடு எழுதித் தரும் மெஷின் வந்துவிட்டதே. ஏகாதசிக்கு ஒன்று எழுது என்றேன். காபி ஆறுவதற்குள் எழுதித் தந்துவிட்டது. படித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. நான் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

சரி, சடங்குக்காவது ஒரு டெஸ்ட் என்று உட்கார்ந்தேன். "இந்தத் தேதியில் டப்பாவில் சாதம் இருக்கக் கூடாது." எந்தத் தேதியில்? சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். வியாழன் தாளில் ஏகாதசி. வெள்ளித் தாளில் வைஷ்ணவ ஏகாதசி. என் விரல் விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. கோடு எழுதும்போது இப்படி நின்றதே இல்லை. கோடு ஆறு மாதிரி, மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். டெஸ்ட்டுக்கு ஒரு பதில் வேண்டும். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தேன். காவிரிப் பாலத்தில் காற்று சட்டைக்குள் புகுந்து சில்லறை தேடியது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக, கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

மாமிகள் அடுப்படியில் இருந்தார்கள். ஒருவர் ஐயங்கார், ஒருவர் ஐயர். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே அடுப்பு.

"ஏகாதசி என்னைக்கு மாமி? வியாழனா, வெள்ளியா?"

"வெள்ளி" என்றார் ஐயங்கார் மாமி.

"வியாழன்" என்றார் ஐயர் மாமி, கரண்டியை நிறுத்தாமலே.

கரண்டி நின்றது.

"வியாழன் விடியறதுக்கு முன்னாடி தசமி ஒட்டிண்டிருக்கு. அன்னிக்கு எப்படி விரதம் இருக்கறது? மறுநாள்தான்."

"அது உங்காத்துக்கு. எங்களுக்கு வியாழனே ஏகாதசிதான்."

"அப்ப இத்தனை நாளா டப்பா எப்படிப் போச்சு மாமி?" என்றேன்.

ஐயங்கார் மாமி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நான் விரதம் இருக்கற அன்னிக்கு அடுப்புல சாதம் ஏறாது. அவ்வளவுதான்."

"அதான பார்த்தேன்!" ஐயர் மாமி கரண்டியைத் தூக்கிவிட்டார். "கோடியாத்து மாமா போன தடவை போன் பண்ணி, 'விரதத்தன்னிக்கு வத்தக்குழம்பு சாதம் அனுப்பிச்சிருக்கேளே, என் வைராக்யத்தைப் பரீட்சை பண்றேளா'ன்னு கேட்டார். டப்பா மாறிடுத்துன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

"சாப்பிட்டாரோ?"

"டப்பா காலியாத்தான் திரும்பி வந்தது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

"பெருமாள் ஊர்ல இருந்துண்டு பெருமாள் கணக்கு வேண்டாமா?"

"ஏன், திருவானைக்காவல்ல சிவன் இல்லையா? நடக்கற தூரம்தான், மறந்துடாதேங்கோ."

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்கோ சார். கம்ப்யூட்டர் என்ன சொல்றது?"

"நான் என்ன சொல்றேனோ அதைத்தான் மாமி சொல்லும்."

"அப்ப நீங்க என்ன சொல்றேள்?"

"நான் கிறிஸ்டியன் மாமி."

"அப்ப உங்களுக்கு ரெண்டு நாளும் சாதம்தான். உட்காருங்கோ" என்று ஐயர் மாமி இலையை விரித்தார்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் பாதி தீர்ந்தது. வைஷ்ணவ வீடு என்றால் வெள்ளி, ஸ்மார்த்தர், அதாவது ஐயர் வீடு என்றால் வியாழன். "எந்த வீடுன்னே தெரியாதவங்களுக்கு?" என்று கேட்டேன். வாஷிங்டனிலிருந்து மகன் ஆர்டர் போட்டால் அவனுக்குத் தன் வீட்டு ஏகாதசி எதுவென்று தெரியுமா என்ன? மறுபடி சிவனும் பெருமாளும் அடுப்படிக்கு வந்தார்கள். "கலந்து பேசிச் சொல்றோம்" என்று என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

ஆபீசுக்கு வந்து மூன்று டெஸ்ட் எழுதினேன்: வைஷ்ணவ வீட்டுக்கு ஒன்று, ஸ்மார்த்த வீட்டுக்கு ஒன்று, எந்த வீடென்று தெரியாதவர்களுக்கு, விடை இன்னும் காலியாக, ஒன்று. மெஷின் முன்பு தந்த அழகான கோடை அதற்கு எதிரே நிறுத்தினேன். வியாழன் வீட்டுக்கு மட்டும் பச்சை, மற்ற இரண்டும் சிவப்பு. உலகம் முழுவதற்கும் ஒரே ஏகாதசி என்று அது நம்பியிருந்தது. என்னை மாதிரியே, அழகாக, தைரியமாக, தப்பாக. முதல் இரண்டு டெஸ்ட்டையும் கொடுத்து, இவை பச்சையாகும்படி எழுது என்றேன். எழுதிவிட்டது. எழுதும் வேலை இனி எனக்குப் பெரிதாக இல்லை. என்ன வந்தால் சரி என்று சொல்லும் வேலைதான் மிச்சம். இத்தனை வருஷமாக அந்த வேலையைத்தான் நான் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள், "சார், டெஸ்ட் டிரிவன் தெரியலைன்னா வேலை கிடைக்காதா?" இந்தப் பெயர் நாளைக்கு இருக்குமா என்று எனக்குத் தெரியாது, கூடாரத்தைச் சுருட்டினாலும் சுருட்டலாம். ஆனால் மெஷின் எழுதித் தந்ததைச் சரி என்று தலையாட்ட மட்டும் ஒரு ஆளுக்கு யார் சம்பளம் தருவார்கள்? பூம்பூம் மாடே போதும்.

மாசக் கடைசி. முதலாளி என் பின்னால் வந்து நின்றார், டீம் லீடர் பக்கத்தில். ஜன்னலில் மலைக்கோட்டை, பலாக்கொட்டை வேஷத்தில். மாமிகளிடமிருந்து போன் வரவில்லை. மூன்றாவது டெஸ்ட்டை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு மாமியின் கட்சியில் சேர்ந்து அதைப் பச்சையாக்கிவிடலாம். ஒரு வரி வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் சப்போர்ட் அறையில், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று ஒரு குரல். கோடியாத்து மாமாவின் காலி டப்பா நினைவுக்கு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.

பச்சை. பச்சை. சிவப்பு.

"என்னங்க இது? கடைசி நாளன்னைக்கு வந்து ஃபெயில் காட்டுறீங்க?"

"அது என்னோட ஃபெயில் இல்லீங்க சார். எந்த வீடுன்னு தெரியாதவங்களுக்கு என்ன அனுப்புறதுன்னு மாமிங்க இன்னும் முடிவு பண்ணலை."

"நீங்களே ஒண்ணு போட்டு விட்டுடலாமே?"

"போட்டா பச்சையாயிடும் சார். சாப்பாடுதான் தப்பா போகும்."

முதலாளி டீம் லீடரைப் பார்த்தார். என் நாற்காலியின் கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், பஸ்ஸில் பிடிப்பது மாதிரி.

"அண்ணன் டீம்லயே இருக்கட்டும் சார்" என்றார் டீம் லீடர். "இவர் எழுதி நான் நம்புற முதல் டெஸ்ட் இந்தச் சிவப்புதான்."

மனசுக்குள் மலைக்கோட்டை எழுந்து ஒரு சுற்று ஆடியது. அது மறுபடி உட்காருவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"இன்னொண்ணு சார். கோடை மெஷின் எழுதிடுது. க்ளையன்ட்கிட்ட போய் இப்படிக் கேட்டுட்டு வர ஆள்தான் நம்மகிட்ட இல்லை. இனிமே எல்லா க்ளையன்ட்டுக்கும் அண்ணனையே அனுப்பலாம்."

"நல்ல ஐடியா" என்றார் முதலாளி.

நாற்காலி இன்னும் எனக்குத்தான். யாரும் அதில் உட்காருவதில்லை, நான் உட்பட. பக்கத்து சீட்காரர் தன் சாப்பாட்டுப் பையை அதில் மாட்டி வைக்கிறார். பை மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாமிகள் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் நான் ஜீயபுரத்தில் ஒரு க்ளையன்ட்டின் வாழைத்தார் மண்டியில் நின்றேன். வெயில் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, எத்தனை சீப்பு இருந்தா ஒரு தாருன்னு சேத்துக்குவீங்க?"

மண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது யாரு கேக்குறாங்கங்கறதைப் பொறுத்துங்க. வாங்க, நிழல்ல உக்காந்து பேசுவோம்."