நின்றால்தான் தூக்க வேண்டும்

நேற்று மத்தியானம் கரண்ட் போயிருக்கிறது. ஃபேன் நின்றதுகூடத் தெரியாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சட்டை முதுகில் ஒட்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு காலத்தில் என்னை இப்படி ஏமாற்றியிருக்க முடியுமா?

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம், எனக்குக் கல்யாணமான புதிது. திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷெட்டுக்குள் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. மெஷின் ஓடுகிறவரை கவலையில்லை. ஊசி ஒடிந்து நின்றால் கையைத் தூக்க வேண்டும், பழுது பார்க்க ஃபிட்டர் வருவார். ஓடுகிற சத்தமெல்லாம் எங்களுக்குச் சத்தமே அல்ல. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. என் மனைவி சரசு சமையலறையிலிருந்து மூச்சுவிடாமல் பேசுவாள். நான் பாட்டுக்குச் சுகமாக உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் அவள் பையில் துணியை எடுத்து வைத்தாள்.

"காதுல கோளாறுன்னா நான் பாத்துக்கறனுங்க. கோளாறில்லாமயே இப்பிடின்னா, நான் வெள்ளகோவிலுக்கே போறனுங்க."

வெள்ளகோவில் அவள் அம்மா வீடு. காது கெட்டிருக்க வேண்டுமே சாமி என்று வேண்டிக்கொண்டு டெஸ்ட்டுக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. என் தலையில் கனமான ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கும் பெண், அவர் பக்கத்தில் சரசு. மெலிசாகக் கேட்டாலும் கையைத் தூக்கச் சொல்லியிருந்தார். 'கீ' என்று ஒரு சத்தம் வந்தது. சும்மா உட்கார்ந்திருந்தேன். அது நின்றது. கை தானாக மேலே போயிற்று. இப்படியே நாலைந்து தடவை நடந்ததும் அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"சத்தம் கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குதுங்க."

"அப்பறம் ஏனுங்க நின்னதுக்கப்பறம் தூக்கறீங்க?"

"நின்னாத்தானுங்க தூக்கோணும்."

காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். வேறென்ன வேண்டும், என் கதை முடிந்தது. வீட்டுக்குத் திரும்பச் சேவூர் பஸ்ஸில் ஏறியதும் சரசு ஆரம்பித்தாள். நான் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். அவினாசி தாண்டியதும் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். பதறிப்போய்த் திரும்பி, என்னாச்சு புள்ள என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மறுபடி பேசினாள், மறுபடி நிறுத்தினாள். மறுபடியும் திரும்பினேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். துணி பையிலிருந்து அலமாரிக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு முக்கியமான சேதி என்றால் பேச்சைப் பாதியில் நிறுத்துவாள், நான் எங்கிருந்தாலும் ஓடி வருவேன்.

அந்த ஷெட் இப்போது கல்யாண மண்டபம். நானும் மெஷினை விட்டு வெகுகாலமாகிறது.

நேற்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். சரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் பேச்ச நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு, தெரியுமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே தெரியவில்லை.