ரெண்டு கோட் அடிச்சா சரியாயிடும்

சோபாவை முன்னுக்கு இழுத்துவிட்டு, அதன் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, சுவரின் அடியில் எழும்பியிருக்கும் கொப்புளத்தை அவர் ஊசியால் குத்துகிறார். பெயிண்ட் தோல் சுருங்கி, உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வழிகிறது. அதைப் பனியன் ஓரத்தால் துடைத்துவிட்டு, கட்டைவிரலால் பட்டி மாவை வைத்து அழுத்தி, பக்கத்தில் இருக்கும் சின்ன டப்பாவிலிருந்து இளமஞ்சள் பெயிண்ட்டைத் தொட்டு மேலே தடவுகிறார். கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை. திருப்தி. சோபா பழைய இடத்துக்குப் போகிறது. பல் தேய்ப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிற அன்றாடக் கடமை இது. சத்தம் வராமல் சோபாவை நகர்த்துவதாக அவருக்கு நினைப்பு. அடுக்களையில் இருக்கும் மனைவிக்கு ஒவ்வொரு காலின் உரசலும் கேட்கும். கேட்டதாக அந்த அம்மாள் காட்டிக்கொள்வதில்லை.

கடைத்தெரு மூலையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் இந்த மனிதருக்குத் தெரு வைத்திருக்கும் பெயர் ‘ரெண்டு கோட்’. பெயரைச் சம்பாதித்தது அவரேதான். விரிசல் என்று யாராவது வந்தால், “ரெண்டு கோட் அடிச்சா சரியாயிடும்” என்பார். துரு என்று வந்தாலும் அதேதான். கூரை ஒழுகுகிறது என்று வந்து நின்ற ஒருவரிடம், கூரையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல், கறை தெரிகிற இடத்துக்கு அடிக்க வெள்ளையைக் கொடுத்து அனுப்பினார். மூட்டு வலி என்று சொன்ன தபால்காரரிடமும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. கட்டிவிட்ட கதையாக இருக்கலாம். ஆனால் கேட்டவர்களில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை.

கடைக்கு நடந்து போகிற வழியில் அவர் மனிதர்களைப் பார்ப்பதில்லை, சுவர்களைத்தான் பார்ப்பார். எந்த வீட்டில் பெயிண்ட் உரிகிறது, எந்த வீட்டில் உப்புப் பூத்திருக்கிறது, எந்த ஜன்னலுக்குக் கீழே பாசி படிகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பார்த்ததை மனதில் வைத்துக்கொள்கிற நல்ல பழக்கமும் கிடையாது. பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரின் வாசலில் ஒருநாள் நாலு பேர் நின்றிருந்தபோது, “டீச்சர், உங்க சுவரு அழுவுது. காதுல விழலையா?” என்று தெருவுக்கே கேட்கிறாற்போல் சொன்னார். நாலு பேரும் சிரித்தார்கள். டீச்சர் அன்று சாயங்காலமே கடைக்கு வந்து, வாய் திறக்காமல் பெயிண்ட் வாங்கிக்கொண்டு போனார். ஓதம் பிடித்த வீடு என்றால் அவருடைய அகராதியில் ஒழுங்கில்லாத குடும்பம் என்று பொருள். “சுவரு பொண்டாட்டி புள்ள மாதிரி இல்ல. சொன்ன பேச்சைக் கேக்கும்” என்று கல்லாவில் உட்கார்ந்தபடி தத்துவம் வேறு.

இந்தத் தத்துவத்துக்குச் சாட்சி அவருடைய வீடுதான். இளமஞ்சள் சுவர், கருஞ்சிவப்பு விளிம்பு, வெண்ணெய் நிறத்தில் ஜன்னல். அதன் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறார். கலர் முடிவு செய்யத் திணறுகிறவர்களை நேரில் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவார். உள்ளே அழைக்க மாட்டார்.

அது பலகைத் தரை போட்ட வீடு. தரை மண்ணில் படாமல் குட்டைத் தூண்களின்மேல் நிற்கிறது. கீழே ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம். அந்த இடத்துக்குள் காற்று போய்வர, சுவரின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்தில் வரிசையாகக் கம்பி வலை போட்ட ஓட்டைகளை வைத்துத்தான் கட்டினவர் கட்டினார். நம்மவருக்கு அந்த ஓட்டைகளைக் கண்டால் ஆகாது. புதுச்சட்டைக்குக் கீழே கிழிந்த பேண்ட் போட்டாற்போல இருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொன்றையும் தகடு வைத்து அடைத்து, பட்டி பார்த்து, மேலே ரெண்டு கோட் அடித்துவிட்டார். வேலை அப்படி ஒரு சுத்தம். “எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பாப்போம்” என்று வருகிறவர்களிடம் பந்தயம் கட்டுவார்.

அத்தோடு விட்டாரா? கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய், மழைக்கு மழை முன்சுவரில் பழுப்புக் கோடு போட்டது. அதன் வாயைத் திருப்பி வீட்டுக்கு அடியிலேயே விட்டார். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்ட மனைவிக்கு, “கண்ணுக்குத் தெரியாம போகுதில்ல, அதுதான் வேணும்” என்று பதில். சுவரின் கால் தெரியக்கூடாது என்று முன்பக்கம் மண்ணைக் குவித்துப் பூச்செடி வைத்து, இரண்டு வேளையும் தண்ணீர் பாய்ச்சினார். மேலே இருந்து வருகிற தண்ணீர், பக்கத்திலிருந்து ஊறுகிற தண்ணீர் இரண்டுக்கும் வழி திறந்துவிட்டுக் காற்றுக்கு மட்டும் கதவைச் சாத்திய புண்ணியவான் அவர்.

தண்ணீர் சும்மா இருக்குமா? வீட்டுக்குள் ஏறியது. உப்பு ஜாடியில் உப்பு கட்டி தட்டியது. மூடியைச் சரியாக மூடுவதில்லை என்று மனைவியைச் சொன்னார். அலமாரிக் கதவு ஊதிப்போய் மூட மறுத்தது. தச்சர் ஏமாற்றிவிட்டார் என்றார். கட்டிலுக்கு அடியில் வைத்த தோல் செருப்பு பச்சையாகப் பூசணம் பூத்தது. கால் கழுவிவிட்டுத் துடைக்காமல் போட்டது யார் என்று ஒரு விசாரணை நடந்தது. பின்னறையில் தரை, மிதித்தால் லேசாக அமுங்கி எழுந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தார்: “மெத்து மெத்துன்னு இருக்கட்டுமே, காலுக்கு நல்லதுதான்.” அழுகிய கோணிச் சாக்கு நாற்றம் ஒன்று வீடு முழுக்க இருந்தது. அதற்கு வாசனை டப்பா. விருந்தாளி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் கூடத்தின் நான்கு மூலையிலும் புஸ் புஸ் என்று அடிப்பார். மல்லிகை வாசனைக்கு நடுவில் சாக்கு நாற்றம் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

“இந்த மனுஷனுக்கு மூக்கு மூஞ்சிக்கு அழகா இருக்கட்டுமேன்னு வச்சது” என்று மனைவி தங்கையிடம் போனில் சொன்னதுண்டு.

இவ்வளவு சொன்னபிறகு அவரிடம் நல்லது ஒன்றும் இல்லையா என்று கேட்கலாம். ஒன்று இருந்தது. பேரன். மருமகன் கப்பல் வேலையில் இருந்ததால் மகள் பிள்ளையோடு பின்னறையில் தங்கியிருந்தாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்காத பையன். கடையிலிருந்து வரும்போதெல்லாம் தாத்தா பழைய கலர் அட்டை ஒன்றைக் கொண்டுவருவார். இருவரும் தரையில் படுத்துக்கொண்டு, நிறங்களுக்குப் புதுப்பெயர் வைப்பார்கள். கம்பெனி வைத்த பெயரெல்லாம் தள்ளுபடி. பூனை மூக்கு, தாத்தா சட்டை, காய்ச்சல் மருந்து என்று பையன் சொல்வதே செல்லும். அந்த நேரத்தில் மட்டும் அவர் சுவர்களை மறந்திருப்பார். அந்தப் பிள்ளையிடம் அவருக்கு இருந்தது வேஷமில்லாத பிரியம். அதை மறுப்பதற்கில்லை.

பையனுக்கு இருமல் வந்தது. பிறகு இளைப்பு. படுத்தால் நெஞ்சு சீழ்க்கை அடித்தது. ஒரு வாரம் அத்தை வீட்டில் இருந்தபோது சுத்தமாக நின்றது. திரும்பி வந்த அன்றே மறுபடி பிடித்துக்கொண்டது. மருத்துவர் மார்பில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் எங்கேயாவது ஈரம், ஓதம் உண்டா என்று கேட்டார். மகள் வாயைத் திறப்பதற்குள் தாத்தா முந்திக்கொண்டார்.

“நாங்க பெயிண்ட் கடை வச்சிருக்கோம், டாக்டர்.”

மருத்துவர் பேனாவை மூடினார். வீடு திரும்புகிற வழியெல்லாம், அத்தை வீட்டில் வாங்கித் தின்ற ஐஸ்தான் காரணம் என்று இவர் நிரூபித்துக்கொண்டே வந்தார்.

குட்டு வெளிப்பட்டது ஒரு பந்தினால். பையன் உருட்டிய பந்து, பின்படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்னக் கதவின் இடுக்கு வழியாக வீட்டுக்குக் கீழே போய்விட்டது. மகள் குனிந்து, இறுகிப்போன கதவை உதைத்துத் திறந்து, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். பந்து மிதந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலே, தரையைத் தாங்குகிற உத்தரங்களில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. குழாய்களின் வயிற்றில் வேர்வை முத்து. ஓர் உத்தரத்தை விரலால் குத்தினாள். விரல் உள்ளே போயிற்று. அதற்கு நேர் மேலேதான் பையனின் கட்டில்.

அப்பா கடையிலிருந்து வந்ததும் அவள் அவரைப் பின்படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“கீழ தண்ணி நிக்குதுப்பா. பலகையெல்லாம் உளுத்துப்போச்சு. அந்தக் காத்தைத்தான் என் புள்ள ராத்திரி பூரா இழுக்குறான்.”

அவர் குனியவில்லை. நின்ற இடத்திலிருந்தே தெருப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

“மெதுவாப் பேசு. கீழதானேம்மா இருக்கு? அங்க யாரு போய்ப் பாக்கப் போறா?”

மகள் கோபப்படுவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள், அவள் கோபப்படவில்லை. உள்ளே போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு துணியையும் முகர்ந்து பார்த்து, பாதியை அப்படியே விட்டுவிட்டாள். நாத்தனார் வீட்டுக்குப் போவதாகவும், அடைத்த ஓட்டையெல்லாம் திறந்து குழாயை வெளியே திருப்பி அடியில் உள்ள தண்ணீரை இறைத்துவிட்டுச் சொன்னால் வருவதாகவும், அதுவரை பிள்ளை இந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டான் என்றும் அம்மாவிடம்தான் சொன்னாள். அவர் கேட்டில் நின்று பையனின் தலையைத் தடவினார். “தாத்தா ஓட்டையெல்லாம் தொறந்துடுவேனாம், நீ வந்துடுவியாம்” என்றார். பையன் கலர் அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலையாட்டினான்.

சொன்னவர் செய்தாரா? அடுத்த சில நாட்கள் நல்ல நாள் இல்லை, ஆள் கிடைக்கவில்லை, கடையில் சரக்கு வந்து இறங்குகிறது என்று போயின. ஆள் வைத்தால் ஆள் வாய் திறப்பான் என்பதுதான் உண்மையான காரணம். கடையில் மாட்டிய படத்தைப் பார்த்து பெயிண்ட் வாங்கினவர்களெல்லாம் கண்முன் வந்து நின்றார்கள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தரையில் படுத்துக்கொள்ளத் துணையில்லை. பழக்க தோஷத்தில் கொண்டுவந்த கலர் அட்டைகள் மேஜைமேல் சேர்ந்தன. ஓரங்கள் ஈரத்தில் சுருண்டன. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். மனைவி ஆறுதல் சொல்லவில்லை. தினமும் பையன் போனில் கேட்பதை மட்டும் வரி பிசகாமல் சொன்னாள்.

கடைசியில் ஒரு மத்தியானம், தெரு உண்டு முடித்துக் கண் அசந்திருக்கும் நேரமாகப் பார்த்து, உளியையும் சுத்தியலையும் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். முன்பக்கம் இல்லை; அங்கே யாராவது பார்த்துவிடலாம். சந்துப் பக்கம் இருக்கும் சுவர், எந்தக் காலத்திலும் வெயில் படாத பக்கம். மண்டியிட்டு, ஓட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. பட்டி பார்த்த அழகு அப்படி. விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி தட்டி, வீட்டின் நீளத்துக்கும் தவழ்ந்தார். ஊருக்கெல்லாம் கட்டிய பந்தயத்தில் அவரே தோற்றுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் பொக்கென்று சத்தம் வந்தது. உளியை வைத்து அடித்தார். பட்டி உதிர்ந்து, தகடு மடங்கி உள்ளே விழுந்தது. கீழே தண்ணீரில் அது விழுந்த சத்தமும் கேட்டது.

உள்ளேயிருந்து காற்று முகத்தில் அடித்தது. அவருடைய மூக்குக்கும் அன்றைக்குத்தான் வேலை வந்தது. இருமினார். நிறுத்த முடியவில்லை, கண்ணில் நீர் வருகிறவரை இருமினார். இருமி ஓய்ந்தபோது அவருடைய நெஞ்சும் சன்னமாகச் சீழ்க்கை அடித்தது. அந்தச் சத்தத்தை அவர் நன்றாக அறிவார். கை அடுத்த அடிக்காகச் சுத்தியலை எடுத்தது.

அப்போது சந்தில் செருப்புச் சத்தம். டீச்சர், கையில் காய்கறிப் பை.

அவர் சட்டென்று திரும்பி, ஓட்டையில் முதுகைக் கொடுத்து, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். உளி தொடைக்கு அடியில் போயிற்று. உதிர்ந்த இளமஞ்சள் துண்டுகளை மறைக்கத்தான் நேரமில்லை.

“என்ன சார், இங்க உக்காந்துட்டீங்க?”

“சும்மாதான், டீச்சர். கொஞ்சம் வெயில் காயலாம்னு.”

டீச்சர் நிழல் விழுந்த சுவரைப் பார்த்தார். தரையில் கிடந்த மஞ்சள் துண்டுகளைப் பார்த்தார். அவசரமில்லாமல் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

மேலே ஜன்னல் திறந்தது. மனைவி போனைக் காதிலிருந்து எடுத்து வெளியே நீட்டினாள்.

“என்னங்க, பையன் லைன்ல இருக்கான். ஓட்டையைத் தொறந்தாச்சான்னு கேக்குறான்.”

போனிலிருந்து “தாத்தா” என்று இருமல் கலக்காத ஒரு குரல் கேட்டது. டீச்சர் நகரவில்லை.

“ஓட்டையா? எந்த ஓட்டை?” என்றார் அவர். உள்ளிருந்து வந்த குளிர்காற்று சட்டைக்குள் ஏற, முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்தி, ஓட்டையை முழுசாக மூடிக்கொண்டார்.