டெய்லர் ஊரில் கை நனைத்த வெள்ளிக்கிழமை

எனக்கு வயது அறுபத்தேழு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் நாத்தனார் பிள்ளைகள். எது யார் பிள்ளை என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாதபடி வளர்த்தேன். கடைக்குட்டி செல்வி அமெரிக்காவில், டெக்சாஸ் மாகாணத்தில், ரவுண்ட் ராக் என்ற ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். 1999 ஆகஸ்டில் அவளிடம் போனேன். அங்கே பார்த்தது எத்தனையோ உண்டு. அதில் செப்டம்பர் கடைசியில் வந்த ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் அதைப் பற்றித்தான் கோவில்பட்டிப் பக்கம் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நான் சொல்லச் சொல்ல, என் மூத்த மகனின் மகள் மகா எழுதுகிறாள்.

செல்விக்கு முதலில் மதுரையில் கல்யாணம் செய்து கொடுத்தோம். இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. அதன்பிறகு படித்து, வேலை தேடி, தனியாகவே அமெரிக்கா போய்விட்டாள். இப்போது முப்பத்தாறு வயது. அந்த வாரம் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“ஒருத்தரக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேம்மா. வெள்ளைக்காரர். மாட்டு டாக்டர். நீ வந்து பாத்துட்டுச் சொல்லு.”

“நான் வேண்டாம்னா?”

குழாயை மூடினாள். “தெரியலம்மா. நீ வேண்டாம்னா என்னால பண்ணிக்கவும் முடியாது. விடவும் முடியாது.”

“எங்க பாக்கிறது? அவுக வீட்லயா?”

“டெய்லர்னு ஒரு சின்ன ஊரு. அங்க வெள்ளிக்கிழமை ராத்திரி யாரும் வீட்ல அடுப்புப் பத்த வைக்க மாட்டாங்க. ஒரு ரெஸ்டாரன்ட் இருக்கு, ஊரே அங்கதான் இருக்கும். அவரும் அவங்கம்மாவும் வருவாங்க.”

“பொண்ணு பாக்கிறத ஊரு பாக்கப் பண்ணணுமா?”

“மாப்பிள்ளை பாக்கிறதும்மா. நீதான பாக்க வர்ற.”

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் பேசப் போன இடத்தில் பலகாரமும் காப்பியும் சாப்பிடலாம். அது மரியாதைக்கு. சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைத்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறக் கூடாது. ஆகவே செல்வியிடம் சொன்னேன்: “வாரேன். ஆனா கை நனைக்க மாட்டேன்.” அவளுக்கு விளங்கியது. சரி என்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால் மணிக்குக் காரில் கிளம்பினோம். கிழக்கே பதினேழு மைல், நம் கணக்கில் இருபத்தேழு கிலோமீட்டர். ரவுண்ட் ராக் தாண்டியதும் நான் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் கரிசல் மண்! நம் எட்டயபுரத்துக் கரிசலேதான், வெடித்துக் கிடக்கிற வெடிப்புகூட அதேதான். பருத்தி எடுத்து முடித்திருந்தார்கள். எடுத்த பருத்தியை ஒரு பஸ் நீளத்துக்கு அமுக்கி, மேலே தார்ப்பாய் கட்டிக் காட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். காவலுக்கு ஒரு நாய்கூட இல்லை. ஆள் ஒருவரும் கண்ணில் படவில்லை. இத்தனை பருத்தியையும் எந்தக் கை எடுத்தது என்று மலைத்துப்போனேன்.

டெய்லர் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி ஆகவில்லை. கடைத்தெரு அகலம், ஆனால் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஊரைக் காணோமே என்று பார்த்தால், ரயில் பாதை ஓரத்தில் ஒரு பழைய செங்கல் கிடங்கு முன்னால் ஐம்பது அறுபது வண்டிகள் நின்றன. அதுதான் இடம். வாசலில் வைன் நின்றார். அதுதான் மாப்பிள்ளை பெயர். நாற்பத்தொரு வயது, நிலைக்கதவு உயரம். என்னைப் பார்த்ததும் தலையிலிருந்த தொப்பியை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அவர் அம்மா ரூத். எனக்கும் மூத்தவர், காலில் பூட்ஸ், உதட்டில் சாயம். என் கையைப் பிடித்தார், விடவில்லை.

கதவைத் திறந்ததும் எனக்குக் கால் எழவில்லை. அவ்வளவு பெரிய கூடம். சுவரில் கொம்பு வைத்த மான் தலைகள், சிவப்பும் நீலமுமாக எரிகிற விளக்கு எழுத்துகள், பாட்டு, சுட்ட கறி வாசனை, இருநூறு பேரின் பேச்சு. கைக்குழந்தை முதல் ஊன்றுகோல் ஊன்றிய கிழவர் வரை ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒரு பாதிரியார் ஒரு மேசையில் கோழி தின்கிறார், அடுத்த மேசையில் பீர் குடிக்கிறார்கள், யாரும் யாரையும் பார்த்து முகம் சுளிக்கவில்லை. நம் பக்கத்தில் குடிக்கிற இடத்து வாசலைக்கூடப் பொம்பளை மிதிக்க மாட்டாள். இங்கே ரூத் அம்மாள் மகன் முன்னால் பாட்டிலைச் சாய்த்துக் குடித்துவிட்டு, உதட்டைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

மேசைக்கொரு வாளி வறுத்த நிலக்கடலை. உரித்துத் தின்றுவிட்டுத் தோலைத் தரையில் போட வேண்டும், அதுதான் அங்கே முறை. தரை முழுக்கத் தோல், நடந்தால் நொறுங்கியது. எனக்கு மனசு வரவில்லை. என் தோலையெல்லாம் மடியில் சேர்த்து வைத்தேன். ரூத் அதைப் பார்த்துவிட்டு, என் மடியிலிருந்து ஒரு கை அள்ளிக் கீழே வீசிவிட்டுச் சிரித்தார். கடலை பலகாரக் கணக்குத்தானே, தாராளமாகத் தின்றேன். செம்பு அளவுக் கண்ணாடி டம்ளரில் பனிக்கட்டி போட்ட டீ வந்தது. ஒன்றரை டாலர். வீணாக்கக் கூடாதென்று குடித்து முடித்தேன். உடனே பரிமாறுகிற பெண் வந்து நிரப்பினாள். அதையும் முடித்தேன், மறுபடி நிரப்பினாள். “காசு ஒரு தடவைக்குத்தான்மா, நீ டம்ளரக் காலி பண்ணுனா அவ ஊத்திக்கிட்டேதான் இருப்பா” என்று செல்வி சொன்னபோது வயிறு கனத்துவிட்டது.

அந்நேரம் பத்துப் பன்னிரண்டு இளம்பெண்கள் உள்ளே வந்தார்கள். அப்பப்பா! ஒவ்வொருத்தி நெஞ்சிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு செவ்வந்திப் பூ. துணியில் செய்தது. அதிலிருந்து முழங்கால் வரை ரிப்பன்கள், ரிப்பன் நுனியில் குட்டி மணிகள். நடந்தால் சலங்கைச் சத்தம். அன்றைக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பந்தாட்டத் திருவிழாவாம், அந்தப் பூவைப் பையன்கள் வாங்கிக் கொடுப்பார்களாம். சப்பரம் வருவதுபோல் அவர்கள் போனார்கள். கூடமே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன்.

பிறகு நான் மாப்பிள்ளையை விசாரிக்க ஆரம்பித்தேன். செல்வி அங்குமிங்கும் மொழி மாற்றினாள்.

“காலைல மாட்டுக்கு வைத்தியம் பாக்கிறவரு, சாயங்காலம் அதையே திம்பாரான்னு கேளு.”

“அம்மா!”

“கேளுடி.”

கேட்டாள். வைன் யோசித்துப் பதில் சொன்னார். “தன்கிட்ட வந்த பேஷன்ட்டத் திங்கிறதில்லையாம்” என்றாள் செல்வி. ரூத் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. முதல் மனைவி இறந்து ஐந்து வருஷம், பிள்ளை இல்லை, குடி அளவோடு என்று எல்லாம் கேட்டுக்கொண்டேன். மதுரை மாப்பிள்ளையும் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் நல்ல பதில் சொன்னான்.

சாப்பாடு வந்தது. அவர்களுக்குக் கறித்துண்டு, செல்விக்கு மீன், எனக்கென்று வெள்ளிக்கிழமைக்கு ஆகிற மாதிரி ஒரு கை அகல உருளைக்கிழங்கு. கிழங்கு பலகாரமா சாப்பாடா என்று எனக்கே பிடிபடவில்லை, எதற்கு வம்பென்று தட்டைத் தள்ளி வைத்தேன். வைன் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். செல்வி தலையைக் குனிந்துகொண்டு இங்கிலீஷில் நிறைய நேரம் பேசினாள். கேட்டு முடித்ததும் அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ரூத்தும் வைத்தார்.

“அவுகளச் சாப்பிடச் சொல்லுட்டி. ஆறிப்போகுது.”

“நீ சாப்பிடாம அவங்க சாப்பிட மாட்டாங்களாம்.”

“இது என்ன வம்பு! நான் பசியில இல்லன்னு சொல்லு.”

“சொல்லிட்டேன். அவங்களும் பசியில்லன்னு சொல்றாங்க.”

இருநூறு பேர் தின்கிற கூடத்தில் நாங்கள் நாலு பேர் மட்டும் விரதம். பரிமாறுகிற பெண் ஓடி வந்து, சமையல் சரியில்லையா என்று கலங்கினாள். வைன் அன்று விடியற்காலையில் இருந்து ஒரு பசுவுக்குப் பேறுகாலம் பார்த்தவராம், மதியமும் சாப்பிடவில்லையாம். இதை ரூத் சொல்லித்தான் தெரிந்தது. அதற்காக நான் இளகவில்லை. ஒரு வேளை பட்டினி கிடந்து நல்லவன் என்று காட்டுவது பெரிய காரியமில்லை.

செல்விக்குத் தொண்டை வறண்டிருக்க வேண்டும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், கையை நீட்டி வைனின் டம்ளரை எடுத்தாள். வாய் வைத்துக் குடித்தாள். வைத்துவிட்டாள். தான் செய்தது அவளுக்கே தெரியவில்லை. அவரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. கூடப் பிறந்த அண்ணன் வாய் வைத்த டம்ளரைச் சாம்பல் போட்டு விளக்கிய பிறகும் தொடாதவள் இவள். மதுரையில் புருஷனோடு இருந்த காலத்திலும் தனி டம்ளர்தான் வைத்திருந்தாள்.

எல்லாம் முடிந்த காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கல்யாணம் நான் சொல்லி நடக்க வேண்டியதில்லை. அதற்குள் நான் இருக்கிறேனா, வெளியில் நிற்கிறேனா என்பது மட்டும்தான் மிச்சம். அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

“இங்க சோறு கிடைக்குமான்னு கேளு.”

“என்னது?”

“சோறுட்டி. தமிழ்லதான கேட்டேன்? கிழங்கத் தின்னா கணக்குல சேராது.”

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் ஏதோ வையப்போக அழுகிறாள் என்று நினைத்து வைன் பாதி எழுந்துவிட்டார், முகம் வெளுத்துப்போனது. அவள் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னதும் அப்படியே நாற்காலியில் விழுந்தார்.

அந்தக் கடையில் சோறு விற்பதில்லை. பரிமாறுகிற பெண் அடுக்களைக்குப் போய், மெக்சிகோக்காரச் சமையல்காரர் தங்களுக்கென்று ஆக்கி வைத்திருந்த சிவப்புச் சோற்றில் ஒரு தட்டு வாங்கி வந்தாள். அன்றைக்குக் கவிச்சி ஆகாது என்று சொல்லி, அதில் என்னென்ன போட்டது என்று கேட்டனுப்பினேன். தக்காளி, வெங்காயம், தண்ணீர், வேறொன்றும் இல்லை என்று பதில் வந்தது. சீரக வாசனை அடித்தது. டம்ளர்த் தண்ணீரை வலது கையில் ஊற்றிக் கடலைத் தோல் மேலேயே கழுவினேன், பனிக்கட்டி இரண்டு உருண்டு ஓடியது. முதல் கவளம் எடுத்து, வைனைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டேன். அப்புறம்தான் அந்த மனிதர் கரண்டியைத் தொட்டார். எவ்வளவு பசி! எனக்கே பாவமாகப் போய்விட்டது.

ஏழு மணிக்கெல்லாம் பாதிக் கூடம் பந்தாட்டத்துக்குக் கிளம்பிப் போனது. நாங்களும் கிளம்பினோம். வாசலில் ரூத் என்னைக் கட்டிப் பிடித்தார். நம் ஊரில் சம்பந்தம் பேசி முடிக்க நாள் பார்ப்போம், வெற்றிலை பாக்கு மாற்றுவோம், அதிலும் ஒரு மனத்தாங்கல் வராமல் போகாது. அங்கே எதுவும் இல்லாமல், மான் தலைகள் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாம் முடிந்துவிட்டது.

பிப்ரவரியில், டெக்சாஸிலேயே பேர்லேண்ட் என்ற ஊரில் இருக்கிற நம் சாமி கோயிலில் தாலி கட்டினார்கள். நான் முன்னால் நின்றேன். இங்கே வந்தால், தாய்க்குச் சம்மதமில்லாமல் மகள் வெள்ளைக்காரனோடு போய்விட்டாள் என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். யாரோடும் சண்டைக்குப் போக எனக்குத் தெம்பில்லை, அவசியமும் இல்லை.

மகா, எழுதியது போதும். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு எல்லாரும் வருவார்கள், அவர்கள் நடுவில் நின்று இதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இப்போது எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. நான் சோறு கேட்ட இடத்தில் மட்டும் அவசரப்படாமல் வாசி.