வெண்கல ஓட்டக்காரன்

ஹாஜா நஜ்முதீன் அமெரிக்காவில், இர்விங் நகரத்தில் ஓர் அபார்ட்மென்டின் மாடியில் மனைவி ஹபீஸாவோடு குடியிருந்தார். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. கீழ்வீட்டில் மார்செல் என்ற பிரெஞ்சுக்காரர், எழுபத்தோரு வயது, தனியாள். ஒருநாள் அவர் டாக்ஸிக்காக மழையில் நிற்பதைப் பார்த்ததிலிருந்து, சனிக்கிழமை டயாலிசிஸுக்கு ஹாஜாதான் அவரைக் காரில் கூட்டிப் போனார்.

2004 மார்ச்சில் மார்செல் அவருக்கு ஒரு வெண்கலச் சிலையைக் கொடுத்தார். ஒரு முழ உயரம். மார்பை முன்தள்ளி ஓடும் இளைஞன். பீடத்தில் ‘லியோன், 1953’ என்று பொறித்திருந்தது. இருபது வயதில், அந்தப் பிரெஞ்சு நகரத்தில் நடந்த எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் அவர் ஜெயித்த பரிசு.

“எனக்கு வேறு யாருமில்லை. நீ வைத்துக்கொள்” என்றார். ஹாஜாவுக்கு மறுக்க வாய் வரவில்லை.

ஹபீஸா வாசலிலேயே நிறுத்தினாள்.

“என்னங்க இது? நாம தொழுவுறதே இந்த ஹால்லதான். சிலையை எங்க வைப்பீங்க?”

“பெரியவர் ஆசையா கிஃப்ட் பண்ணாரும்மா. நோ சொல்ல முடியல.”

“அவரை நான் குறை சொல்லல. வீட்டுக்குள்ள வேணாம்.”

அவள் சொன்னது அவருக்கும் சரியாகவே பட்டது. டவலில் சுற்றி, பால்கனி ஸ்டோரேஜில் வாக்குவம் கிளீனருக்குப் பின்னால் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை மார்செல் காரில் கேட்டார்: “எங்கே வைத்திருக்கிறாய்?”

“ஹாலில், ஜன்னல் பக்கம்.”

கிழவர் வழிநெடுகச் சிரித்த முகமாக இருந்தார். ஹாஜா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மே மாதம் மார்செல் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். ஒருமுறை அதைப் பார்க்கவேண்டும் என்றார். ஹாஜா பால்கனிக்குப் போய் டவலோடு எடுத்துவந்தார். தொழுகை, உருவம் என்று ஏதேதோ விளக்கினார். மார்செல் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“முன்பே சொல்லியிருக்கலாமே.”

சிலையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். தூக்கித் தருகிறேன் என்று ஹாஜா பின்னாலேயே போனார், கிழவர் தரவில்லை. அதன்பின் சனிக்கிழமைகளில் அவரை டயாலிசிஸ் சென்டர் வேன் வந்து கூட்டிப்போனது.

ஜூனில் ஹாஜா வேலையிலிருந்து திரும்பியபோது கீழ்வீடு திறந்து கிடந்தது. உள்ளே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மார்செல் ஆஸ்பத்திரியில் இறந்து மூன்று வாரமாகியிருந்தது. சாமான்களைக் கேட்டு யாரும் வரவில்லையாம். முந்தின நாள்தான் எல்லாவற்றையும் குப்பை லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

ஹபீஸா அழுதாள். “எங்கிட்ட சண்டையாச்சும் போட்டிருக்கலாம். இல்ல, அவர்கிட்ட உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ரெண்டும் பண்ணலையேங்க.”

அதன்பின் ஹாஜா கீழ்வீட்டு வாசல் பக்கம் பார்க்காமலேயே மாடியேறினார். ஆகஸ்டில் வாடகை லீஸைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு தெரு தள்ளி வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள்.