கற்பகம் அண்ணி ஓடவைத்த கம்ப்யூட்டர்

சென்ற வாரம் ஒரு காலையில் புடவைக் கரை ஒன்றுக்குக் கொடி வரைந்துகொண்டிருந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். "அக்கா போய்ட்டாங்க, சுமதி. அம்மாகிட்ட நீதான் சொல்லணும்" என்றார். போனை வைத்துவிட்டார். முதல் நாள்தான் அண்ணி, "நெஞ்சு ஒரு மாதிரியா கீது, காட்டிட்டு வந்துடறேன்" என்று ஏதோ கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி சொல்லிவிட்டுப் போனார். கூடப் போன என் கணவரும் மாற்றுத் துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

மாமியார் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அவரே, "கற்பகமா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் கையிலிருந்த பூண்டை உரித்து முடித்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார். எழுபத்தைந்து வயதுத் தாய்க்கு இப்படி ஒரு செய்தியைச் சொல்லும்படி யாருக்கும் நேரக் கூடாது.

கற்பகம் அண்ணி என் கணவரின் அக்கா. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தவர்களுக்கும், கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கும், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டவர்களுக்கும் அவரைத் தெரியாமல் இருக்காது. பெண்கள் அதிகம் எட்டிப் பார்க்காத காலத்திலேயே பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். வேலைக்கு வெளியூர் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டதால், கல்யாணத்துக்குப் பிறகு கடை போட்டார். வாய் கொஞ்சம் நீளம். சான்றிதழைத் தலைகீழாக வைத்து ஜெராக்ஸ் கேட்பவரிடம், "நேரா வெச்சா காசு ஜாஸ்தி இல்லீங்க" என்பார். அதே மனிதருக்கு விண்ணப்பத்தில் பிறந்த தேதி தப்பாக இருந்தால், அவர் பஸ் ஏறுவதற்குள் ஓடிப்போய்ப் பிடித்து இறக்கிக்கொண்டு வருவார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். கூட வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றெல்லாம் கேட்டு முடித்தார்கள். அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டிசைன் போடச் சொல்ல, நடுவுல நடுவுல சேவ் பண்ற பழக்கம் கீதா?"

"இருக்குதுங்க" என்றேன்.

"அப்ப சரி. பொறுப்பான பொண்ணு" என்று சொல்லிவிட்டு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பட்டுப் புடவையின் கரையிலும் முந்தானையிலும் வருகிற கொடி, அன்னம், கோபுரம் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான் முதலில் பிறக்கின்றன. கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்குப் புரிகிற விதத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் நான் அந்த வேலைதான் செய்துகொண்டிருந்தேன். எனக்கு வேறு எதிலும் இவ்வளவு ஆசை இருந்ததில்லை.

ஆரணிக்கு வந்த பிறகு வீட்டிலிருந்தே அதைச் செய்கிறேன் என்றேன். மாமியாருக்கு அரை மனசு. மாமனார் இல்லாத வீடு, அவர் சொல்வதுதான் சட்டம். என் கணவர் செய்யாறில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். அங்கேயே எனக்கும் ஓர் இடம் காலியாக இருந்தது. "கம்பெனி பஸ்ஸு வாசல்ல வந்து ஏத்திக்கினு போவுது. மாசம் பொறந்தா சம்பளம். இது இன்னாத்துக்கு பேஜாரு?" என்பது மாமியாரின் கட்சி. கடைசியில் ஒரு வழியாக இறங்கிவந்தார். கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஆடி பிறப்பதற்குள் ஒரு டிசைனாவது தறி ஏறவேண்டும். இல்லையென்றால் நான் பஸ் ஏறவேண்டும்.

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் கம்ப்யூட்டர் டிசைன் வேலைக்குத் தாங்காது என்று, உதிரி உதிரியாகச் சென்னையில் வாங்கி வந்தோம். என் கணவரோடு வேலை செய்யும் பாண்டியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் உள்ளே ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. "பீப்" என்று நீளமாக ஒரு சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடி "பீப்". மூச்சுவிடச் சிரமப்படுகிற நோயாளி போல அது முனகிக்கொண்டே இருந்தது.

பாண்டியன் திரைக்குப் போகும் வயரை மாற்றினார். கரண்ட் வரும் வயரைப் பிடுங்கிச் சொருகினார். தெருவில் பவர்லூம்கள் ஓடுவதால் வோல்டேஜ் குறைவாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு ஸ்டெபிலைசரைத் தூக்கி வந்தார். போர்டே போய்விட்டது என்று ஒரு தடவை சொன்னார், பிராசஸர் போய்விட்டது என்று ஒரு தடவை சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்தடுத்த நாள்களில் என் கணவர் ஷிப்டு முடிந்து வந்து போன் வீடியோவைப் பார்த்துப் பார்த்து அதையே மறுபடியும் செய்தார். அதே பீப்.

நான் போய் சுவிட்சில் கை வைத்தபோதுதான் மாமியார் அந்த வார்த்தையைச் சொன்னார். "நீ தொடாத. ஒவ்வொருத்தர் கைராசி அப்படி. வந்ததுலேர்ந்து மாவரைக்கிற மிசினும் நின்னு போச்சி, இதுவும் ஓடல."

மாவரைக்கும் மெஷின் நான் வருவதற்கு முன்பே படுத்துவிட்டது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் புது மருமகளிடம் கைராசி இல்லை என்று சொன்னால், அதற்கு மேல் அவள் எந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிடுவது? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆடி வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. கரை டிசைன் கேட்டிருந்த தறி மொதலாளியும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டார்.

அந்த வாரம் முழுக்கப் போளூர் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் இருந்த அண்ணி, திரும்பியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டுப் புடவையைக்கூட மாற்றவில்லை. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "என்னென்ன பண்ணீங்கன்னு சொல்லாதீங்க. கொழப்பம்தான் வரும். அது இன்னா சொல்லுதுன்னு மொதல்ல கேக்கறேன்" என்றார். சுவிட்சைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பீப்பைக் கேட்டார். "இத்தினி நாளா கத்திகினு கீது. நீளமா கத்தினா ராமுல கோளாறு. அது பேரையே சொல்லுது. நீங்க வயர புடுங்கிகினு இருக்கீங்க" என்று தம்பியைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு தேவையில்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றித் துண்டில் வரிசையாக வைத்தார். கடைசியில் ராம் என்கிற நினைவகப் பட்டை இரண்டையும் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நிறுத்தினார். பட்டையின் கீழ் ஓரத்தில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும். சாக்கெட்டுக்குள் போய் உட்கார வேண்டியது அதுதான். அதன்மேல் வெளிறிய மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். என்னிடமும் நீட்டினார்.

சந்தனம்.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிட்டது. பாண்டியன் வருவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சாமான்களைச் சாமி முன்னால் வைத்து மாமியார் பூஜை போட்டிருந்தார். "மூடி வெச்சா சாமிக்கு எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொரு உறையையும் பிரித்தார். எங்கள் வீடுகளில் புதுப் புடவை எடுத்தால் ஜரிகை ஓரத்தில்தான் பொட்டு வைப்போம். பட்டுக்காரக் குடும்பத்துக் கண்ணுக்கு அந்தத் தங்க ஓரம் ஜரிகையாகத்தான் தெரிந்திருக்கிறது. சந்தனத்தை நன்றாகக் குழைத்து, அங்கேயே அழுத்தி வைத்துவிட்டார். மேலே வைத்த குங்குமம் உதிர்ந்துபோனதால் பாண்டியன் கவனிக்கவில்லை.

மாமியார் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு துள்ளல். யாருடைய கை என்று இப்போது தெரியப்போகிறது! அண்ணி என்னைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "ராமு சரியா ஒக்காரலம்மா. அவ்ளோதான். ஜல்தியா ஒரு ரப்பரும், டாக்டருங்க ஊசிக்கு முன்னாடி தடவுவாங்களே, அந்த ஸ்பிரிட்டும் வாங்கியாரச் சொல்லு."

என்ன இருந்தாலும் பெற்ற தாய், விட்டுக்கொடுப்பாரா என்று நினைத்தேன்.

அண்ணி தங்க ஓரத்தை ரப்பரால் தேய்த்தார். சாக்கெட்டைப் புது டூத்பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிட்டார். எல்லாம் மாட்டிய பிறகு என் கணவர் சுவிட்சருகே போனார். அண்ணி அவர் கையைத் தட்டிவிட்டார். "நீங்கல்லாம் அமுக்கினது போதும். மிசினு அவளுது. அவ போடட்டும்."

இந்தக் கையாலா என்று மாமியார் முகம் கேட்டது. அமுக்கினேன்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. பீப் சத்தம்கூட இல்லை. சட்டென்று எல்லாம் அணைந்துவிட்டது.

"நான் சொல்லல?" என்றார் மாமியார்.

"சும்மா இரும்மா. யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் அண்ணி. "புது ராமு. அளந்து பாத்துகினுதான் எந்திரிக்கும். நீ புது வீட்டுக்கு வந்தப்ப ஒடனே பேசிட்டியா?" இந்தக் கடைசிக் கேள்வி எனக்கா மாமியாருக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது தானாகவே மறுபடி ஓடியது. மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை ஒரே ஒரு சின்னப் பீப், திரையில் எழுத்துகள். நான் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். போளூர் கல்யாணத்துக்குக் கட்டிய அவர் பட்டுப் புடவை நனைந்தது. அதற்கும் திட்டினார்.

கிளம்பும்போது வாசலில் அவரை மடக்கினேன். "ஏன் அண்ணி சொல்லல? உங்க அம்மான்னுதானே?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சொல்லியிருந்தா அம்மா அழுவாங்க. சாமிக்கு வெச்சது தப்பாயிடுச்சேன்னு அழுவாங்க. அப்பறம் இந்த மிசினப் பாக்கும்போதெல்லாம் அவங்களுக்கு அந்த அழுகதான் ஞாபகம் வரும். உனக்கு ஜெயிக்கணுமா, வேல செய்யணுமா?"

வேலை செய்யவேண்டும் என்றேன்.

"அப்ப போய் சேவ் பண்ணி சேவ் பண்ணி போடு. சொல்றதுக்கு ஒரு நாள் வரும்."

ஆடி பிறக்கும் முன்பே அந்தக் கரை தறி ஏறியது. முதல் புடவையை மொதலாளி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். மாமியார் கரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "கொடி நல்லாத்தான் ஓடுது" என்றார். அதற்குப் பிறகு கம்பெனி பஸ்ஸைப் பற்றியோ கைராசியைப் பற்றியோ அவர் பேசிக் கேட்டதில்லை.

அண்ணி சொன்ன அந்த நாள் சில வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு வந்தது. அதற்குள் எனக்கு ஏழெட்டுத் தறிக்காரர்கள் நிரந்தரமாகிவிட்டார்கள். மாமியாரே வருகிறவர்களிடம், "மருமவ உள்ள டிசைன் போட்டுகினு கீது, ஒக்காருங்க" என்று காப்பி கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அதிரசத்தைக் கடித்துக்கொண்டே அண்ணி சந்தனக் கதையைப் போட்டு உடைத்தார். மாமியார் அன்று முழுக்க எங்கள் இருவரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவராகவே சிரிக்க ஆரம்பித்து, "ஜரிகன்னு நெனச்சேன்டி" என்று சொல்லிச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இப்போது இதை எழுதுவதற்கும் அவரிடம் கேட்டுவிட்டேன். "எழுது. அவ எப்படி என்னைக் காப்பாத்தினான்னும் சேத்து எழுது" என்றார்.

அண்ணியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டு எல்லோரும் திரும்பிய பிறகு, அஞ்சலிச் சுவரொட்டி பற்றிய பேச்சு வந்தது. ஊரில் யார் இறந்தாலும் அதை அடிக்க அண்ணி கடைக்குத்தான் வருவார்கள். அவருக்கு எங்கே அடிப்பது என்று யாருக்கும் தோன்றவில்லை. யாரோ வேறு கடை பேர் சொன்னார்கள். மாமியார் நிமிர்ந்து, "எங்கயும் குடுக்க வேணாம். சுமதி கையால செய்யட்டும்" என்றார்.

அவரும் வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தார், யாரையோ கிண்டல் செய்யப் போகிற மாதிரி அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் படம். அஞ்சலிச் சுவரொட்டிக்கு அது பொருந்தாது என்று எல்லோரும் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. கீழே குடும்பத்தார் பெயர்களை வரிசையாக அடித்துக்கொண்டு வந்தேன். கணவர், மகன், தாய், தம்பி. என் பெயரையும் அடித்து, பக்கத்தில் "தம்பி மனைவி" என்று போட்டேன். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"அது இன்னா, தம்பி பொண்டாட்டி?" என்றார். "தங்கச்சின்னு போடு."

போட்டேன், அண்ணி. ஆரணித் தெருக்களில் இப்போது அப்படித்தான் ஒட்டியிருக்கிறது.